காற்றைக் கழுவும் கணக்கு

எதிர்காலத்தைப் பற்றி எழுதப்படும் நாவல் எதுவாயினும், அது எழுதப்பட்ட காலத்தின் சாட்சியாகவே அமைகின்றது. நாளைய உலகை ஓர் ஆசிரியர் எவ்வாறு கற்பனை செய்கிறார் என்பதைக் கொண்டு, இன்றைய உலகில் எதனை மாற்றத்தக்கதென்றும் எதனை மாற்றொணாததென்றும் அவர் கருதுகிறார் என்பதை நாம் கண்டுகொள்ளலாம். எனவே இத்தகைய நாவலொன்றை மதிப்பிடப் புகுவோர், கதை சுவையாயிருக்கின்றதா, பாத்திரங்கள் உயிர்த்துடிப்புடன் உலவுகின்றனவா என்பவற்றோடு நின்றுவிடுதல் போதாது. கதையில் எழும் சிக்கல் எதனால் அவிழ்க்கப்படுகின்றது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். அமெரிக்க நாவலாசிரியர் கிம் ஸ்ரான்லி றொபின்சன் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எதிர்காலத்துக்கான அமைச்சு' என்னும் நாவலை இவ்வாறு பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நாவல் பரவலாகப் படிக்கப்பட்டது. முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா அவ்வாண்டில் தம்மைக் கவர்ந்த நூல்களின் வரிசையில் இதனையும் சேர்த்தார். 2021இல் கிளாஸ்கோ நகரிலே கூடிய ஐக்கிய நாடுகள் காலநிலை மாநாட்டுக்கு ஆசிரியர் அழைக்கப்பட்டார். றொபின்சன் முதலாளித்துவத்தின் புகழ்பாடும் எழுத்தாளர் அல்லர். மார்க்சிய விமர்சகர் பிறெட்றிக் ஜேம்சனிடம் கற்றவர்; இந்நாவலையும் அவருக்கே காணிக்கையாக்கியுள்ளார். செவ்வாய்க் கிரகத்தில் மனிதர் குடியேறுவதைப் பொருளாகக் கொண்டு தொண்ணூறுகளில் அவர் எழுதிய மூன்று நாவல்கள், உடைமை பற்றியும் உழைப்பு பற்றியும் எழுப்பிய கேள்விகளால் அறியப்பட்டவை. இப்படிப்பட்டவரின் நூலைப் பாராட்டிவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆனால் முற்போக்கு எழுத்தாளரின் நூலையே முற்போக்கு விமர்சனம் கூடிய கண்டிப்புடன் அணுக வேண்டும் என்பது நமது கருத்து. எதிரியின் பிழை எதிரியோடு போகும். நண்பரின் பிழையோ நம்முடைய பிழையாகிவிடும்.

நாவலின் தொடக்கம் மறக்கவொண்ணாதது. வட இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலே ஒரு சிற்றூர். வெப்பமும் ஈரமும் ஒருங்கே ஏறுகின்றன. காற்று நீரால் நிறைந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. உடல் தன்னைத் தானே குளிர்த்திக்கொள்ளும் வழி அடைபடுகிறது. மின்சாரம் அறுந்துபோகின்றது. மக்கள் குளிர்ச்சி தேடி ஏரியில் இறங்குகின்றனர். ஏரி நீரோ உடலைவிடச் சூடாகக் கிடக்கின்றது. விடியும்போது அவ்வூரில் ஏறக்குறைய அனைவரும் பிணமாகியிருக்கின்றனர். எஞ்சியவன் பிராங் மே என்ற அமெரிக்கத் தொண்டன் ஒருவனே. அந்த வெப்ப அலையில் இரண்டு கோடி மக்கள் மாண்டனர் என்கிறது நாவல். ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையை அணுகினால் நிழலில் இருக்கும் ஆரோக்கியமான மனிதனும் சில மணி நேரங்களுக்கு மேல் பிழைப்பதரிது என்று உடலியல் கூறுவதை, கணக்காய்வாளரின் அமைதியோடும் கலைஞனின் கொதிப்போடும் ஆசிரியர் காட்சியாக்கியுள்ளார். வறியவர்கள் முதலில் சாகிறார்கள் என்ற உண்மையை இவ்வளவு நேராகச் சொன்ன மேலைநாட்டு நாவல்கள் சிலவே.

இந்தச் சாவுகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு, பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் சூரிச் நகரில் அமைக்கப்பட்ட ஒரு சிறிய அமைப்பின் தலையில் விழுகிறது. அதுவே நாவலின் பெயரிலுள்ள 'அமைச்சு'. அதன் தலைவி மேரி மேர்பி, அயர்லாந்தின் முன்னாள் வெளிநாட்டு அமைச்சர். நூற்றாறு அத்தியாயங்களில் கதை விரிகின்றது. கூட்டக் குறிப்புகள், அகதிகளின் வாக்குமூலங்கள், பொருளியல் விளக்கங்கள், சூரியனும் ஒளித்துகளும் தம்மைத் தாமே அறிமுகப்படுத்தும் சிறு பகுதிகள் எனப் பல குரல்கள் அதில் ஒலிக்கின்றன. இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக நிற்பது 'காபன் நாணயம்' என்னும் ஏற்பாடு. ஒரு தொன் காபனீரொட்சைட்டைக் காற்றிலிருந்து அகற்றிப் பத்திரப்படுத்துபவருக்கு, அல்லது வெளியேறவிருந்த ஒரு தொன்னை வெளியேறாமற் செய்பவருக்கு, ஒரு நாணயம் வழங்கப்படும். அதன் பெறுமதிக்கு உலகின் பெரிய மத்திய வங்கிகள் பிணை நிற்கும். தன் மண்ணிலே காபனைச் சேர்த்துக்காட்டும் விவசாயிக்கும் நாணயம். தன் எண்ணெயை நிலத்துக்கடியிலேயே விட்டுவைக்கும் அரசுக்கும் நாணயம். இக்கருத்து ஆசிரியரின் வெறுங்கற்பனையன்று. டெல்ரன் சென் என்பார் முன்வைத்த யோசனையை நாவலே எடுத்துக்காட்டுகின்றது. மேரி மேர்பி மத்திய வங்கியாளரை மெல்ல மெல்ல இணங்க வைக்கிறாள். நாவலின் இறுதிப் பகுதியில், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டின் அளவு குறையத் தொடங்குகின்றது.

இங்கேதான் நாம் சற்று நின்று வினவ வேண்டியிருக்கின்றது. காபனை அகற்றுவதற்கான பணத்தை யார் கொடுப்பார் என்ற கேள்விக்கு நாவல் விரிவாக விடை கூறுகின்றது. எதனைக் கொண்டு அகற்றுவது என்ற கேள்விக்கு விடை எங்கே? பணம் ஒரு கட்டளை மாத்திரமே. அக்கட்டளையை நிறைவேற்ற நிலம் வேண்டும், நீர் வேண்டும், மின்சாரம் வேண்டும், கல் வேண்டும், கை வேண்டும். இவற்றில் எதனையும் மத்திய வங்கி அச்சடித்துத் தரமாட்டாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற நம்மவர் பழமொழி காபன் நாணயத்துக்கும் பொருந்தும்.

முதலில் இயந்திரங்களை எடுத்துக்கொள்வோம். காற்றின் பத்தாயிரம் மூலக்கூறுகளில் காபனீரொட்சைட்டு மூலக்கூறுகள் நான்குக்குச் சற்று மேல். அனல்மின் நிலையமொன்றின் புகைபோக்கியிலோ அவை ஆயிரத்துக்கும் மேல். புகைபோக்கியில் அடர்ந்து நிற்கும்போது பிடிக்காமல் விட்டு, உலகெங்கும் கலந்து நீர்த்துப்போன பின்பு தேடிப் பிடிப்பதே இத்தொழிலின் சாரம். ஒரு தொன் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 13 இலட்சம் கன மீற்றர் காற்றிலே பரந்து கிடக்கின்றது. உட்செல்லும் காற்றிலுள்ளது முழுவதும் பிடிபடுவதில்லையாகையால், ஒரு தொன்னுக்கு ஏறக்குறைய 20 இலட்சம் கன மீற்றர் காற்றை விசிறிகள் இழுத்துத் தள்ளவேண்டும். பின்னர், பிடித்த வாயுவைப் பிடித்த பொருளிலிருந்து பிரிக்க வெப்பம் வேண்டும்; அதை அமுக்கி நிலத்தடியில் செலுத்த மேலும் மின்சாரம் வேண்டும். இன்றைய முறைகளில் எல்லாம் சேர்ந்து ஒரு தொன்னுக்கு 1,500 முதல் 2,500 அலகு வரையிலான சக்தி செலவாகின்றது. 2,000 என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டொன்றுக்கு 1,000 கோடி தொன்னை இவ்வழியால் அகற்றுவதாயின் 20 இலட்சம் கோடி அலகு வேண்டும். உலகம் முழுவதும் இன்று ஓராண்டில் உற்பத்தியாகும் மின்சாரமே ஏறத்தாழ 30 இலட்சம் கோடி அலகுதான். மனுக்குலம் உற்பத்தி செய்யும் மின்சாரத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு நிகரான சக்தியைச் செலவிட்டு, அது வெளியேற்றும் வாயுவில் நாலிலொரு பங்குக்குச் சற்று மேலானதையே மீட்கலாம் என்பது இக்கணக்கின் பொருள்.

இதனோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்த்தல் தகும். நிலக்கரி எரித்து ஓர் அலகு மின்சாரம் பெறுகையில் ஏறக்குறைய ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. ஆகவே 2,000 அலகு தூய மின்சாரத்தைக் கொண்டு ஓர் அனல்மின் நிலையத்தின் அவ்வளவு உற்பத்தியை நிறுத்தினால், ஏறத்தாழ இரண்டு தொன் வாயு காற்றில் ஏறாமல் தடுக்கப்படும். அதே மின்சாரத்தை உறிஞ்சும் இயந்திரத்துக்குக் கொடுத்தால் ஒரு தொன்னே அகலும். உலகில் நிலக்கரி எரியும் வரையில், காற்றைக் கழுவுவதற்கு மின்சாரம் கொடுப்பது, ஓட்டைப் பானையை அடைக்காமல் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதை ஒக்கும்.

நடைமுறை எவ்வளவு தூரம் சென்றுள்ளது? ஐஸ்லாந்திலே, நிலவெப்பத்தால் மலிவான சக்தி கிடைக்கும் ஹெல்லிஸ்ஹெய்டி என்னுமிடத்தில், 2021இல் ஓர் ஆலையும் 2024இல் இன்னொன்றும் தொடங்கப்பட்டன. முதலாவதின் பெயரளவுக் கொள்ளளவு ஆண்டுக்கு 4,000 தொன். இரண்டாவதினது 36,000 தொன். அவை அவ்வளவையும் நிறைவேற்றினாலும், இரண்டும் ஓராண்டு முழுவதும் பாடுபட்டு அகற்றுவதை, ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி தொன் வெளியேற்றும் உலகம் 34 வினாடிகளில் மீண்டும் காற்றில் ஏற்றிவிடும். இவற்றைப் போன்ற புதிய முறைகள் யாவும் சேர்ந்து உலகில் ஆண்டுக்கு அகற்றுவது ஏறத்தாழ 13 இலட்சம் தொன் என்று, இத்துறையின் நிலைபற்றி 2024இல் வெளியான அறிக்கை கணித்தது. எஞ்சிய அகற்றல் அனைத்தும் பெரும்பாலும் மரங்களின் வேலை. செலவு பற்றியோ கணிப்புகள் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. 2011இல் அமெரிக்கப் பௌதிகவியற் சங்கம் தொன்னுக்கு ஏறக்குறைய 600 டொலர் என்றது. 2018இல் ஒரு கம்பனியைச் சார்ந்த விஞ்ஞானிகள் 94 முதல் 232 டொலர் வரை என்றனர். இப்பின்னைய கணிப்பிலுள்ள முறைகளிற் சில இயற்கை வாயுவை எரித்தே வெப்பம் பெறுபவை என்பதையும், அவ்வாறு எரிப்பதால் எழும் காபனீரொட்சைட்டையும் சேர்த்தே அவை பிடிக்கவேண்டும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆங்கில அங்கத எழுத்தாளர் சுவிப்ற் 1726இல் வெளியிட்ட கலிவரின் பயணக் கதையிலே, வெள்ளரிக்காயிலிருந்து சூரிய ஒளியைப் பிரித்தெடுத்துப் போத்தல்களில் அடைக்க எட்டாண்டு முயன்ற ஓர் ஆராய்ச்சியாளன் வருகிறான். அவன் கலிவரிடம் பண உதவி கேட்கும்போது கூறும் காரணம் கவனிக்கத்தக்கது: அந்தப் பருவத்தில் வெள்ளரிக்காய் விலை ஏறிவிட்டதாம். அங்கதத்தின் பைத்தியக்காரன்கூட மூலப்பொருளின் தட்டுப்பாட்டை உணர்ந்திருந்தான். 'எதிர்காலத்துக்கான அமைச்சு' நாவலின் பொருளியல் நிபுணர்களிடம் வெள்ளரிக்காயின் விலை பற்றிய கவலையைக் காண்பதரிது.

இயந்திரம் வேண்டாம், மரமே போதும் என்று சொல்வோர் உண்டு. வேகமாக வளரும் மரங்களையும் புல்லையும் பயிரிட்டு, அவற்றை எரித்து மின்சாரம் எடுத்து, எழும் வாயுவை நிலத்தில் புதைப்பது இவர்கள் காட்டும் வழிகளில் ஒன்று. காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2018இல் வெளியிட்ட அறிக்கையின் பல வழித்தடங்கள் இம்முறையைப் பெரிதும் நம்பியிருந்தன. ஆனால் இவ்வழியால் ஆண்டுக்கு 1,200 கோடி தொன்னை அகற்றுவதாயின், 38 கோடி முதல் 70 கோடி ஹெக்டேயர் வரையிலான நிலம் தேவைப்படும் என்று 2016இல் விஞ்ஞானிகள் கணித்தனர். இந்தியாவின் பரப்பு ஏறத்தாழ 33 கோடி ஹெக்டேயர். ஓர் இந்தியாவுக்கு மேல் தொடங்கி இரண்டு இந்தியா வரையிலான நிலத்தை எங்கே தேடுவது? அந்நிலத்தில் இப்பொழுது யார் இருக்கிறார்கள்?

நிபுணர்களின் ஆவணங்களில் இதற்கு ஒரு விடை ஆயத்தமாக இருக்கின்றது. 'பயன்படுத்தப்படாத நிலம்', 'தரங்குன்றிய நிலம்', 'விளிம்பு நிலம்' என்பன அவ்விடையின் சொற்கள். இலங்கை வாசகருக்கு இச்சொற்களின் வரலாற்றை விளக்க வேண்டியதில்லை. காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் காணி, மறுதலை நிரூபிக்கப்படும் வரையில் முடிக்குரியது என்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஊகித்தது. கிராமத்தவனின் சேனையும் மேய்ச்சல் நிலமும் அச்சட்டத்தின் கண்ணுக்குத் 'தரிசாக'த் தோன்றின. அவ்வாறு தரிசாக்கப்பட்ட மலைகளிலேயே கோப்பியும், பின்பு தேயிலையும் எழுந்தன. அவற்றை நடுவதற்குத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்குக் காணியும் இல்லை, பின்னாளில் நாடும் இல்லை என்றாயிற்று. வெறுமையான நிலம் இயற்கையில் கிடைப்பதன்று. சட்டத்தாலும் கணக்கேட்டாலும் வெறுமையாக்கப்படுவது.

இது பழைய கதையன்று. உகண்டாவின் முபெண்டே, கிபோகா மாவட்டங்களிலே, மரத்தோட்டம் அமைக்க வந்த பிரித்தானியக் கம்பனி ஒன்றுக்காக இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர் என்று ஒக்ஸ்பாம் அமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. அத்தோட்டங்கள் காபன் வரவை விற்று வருவாய் பெறவும் எண்ணியிருந்தன. கம்பனியோ மக்கள் சட்டவிரோதக் குடியேறிகள் என்றும், அவர்கள் அமைதியாகவே சென்றனர் என்றும் வாதித்தது. உலக வங்கிக் குழுமத்தின் முறைப்பாட்டு அலுவலகம் நடுவே நின்று பேசிய பின்னரே, 2013இலும் 2014இலும் அம்மக்களோடு இணக்கம் காணப்பட்டது. கென்யாவின் ஒல்காரியாவில் நிலவெப்ப மின்நிலையம் விரிவாக்கப்பட்டபோது, 2014இல் மாசாய் குடும்பங்கள் தம் இடத்தைவிட்டு மாற்றப்பட்டன. அதுவும் கடன் கொடுத்த வங்கிகளிடம் முறைப்பாடாகச் சென்றது. இன்று அதே பிளவுப் பள்ளத்தாக்கைக் காற்றைக் கழுவும் தொழிலுக்கேற்ற இடமென்று முதலீட்டாளர்கள் போற்றுகின்றனர். மின்விளக்கு இல்லாத வீடுகள் இன்னும் நிறைந்த நாட்டின் தூய மின்சாரம், யார் விட்ட புகையை அகற்றச் செலவாக வேண்டும் என்ற கேள்வி அங்கே எழாமற் போகாது.

மூன்றாவது வழி கல். எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல்லை மாவாக அரைத்து வயல்களில் தூவினால், மழைநீரோடு சேர்ந்த காபனீரொட்சைட்டு அதனோடு வினைபட்டுக் காலப்போக்கில் கடலைச் சென்றடையும். இந்தியா, சீனா, அமெரிக்கா, பிறேசில் முதலிய நாடுகளின் வயல்களில் இவ்வாறு செய்தால் ஆண்டுக்கு 50 கோடி முதல் 200 கோடி தொன் வரை அகற்றலாம் என 2020இல் ஓர் ஆய்வு கூறிற்று. மண்ணுக்கும் இதனால் நன்மையுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் ஒரு தொன் வாயுவுக்கு மூன்று தொன்னுக்குக் குறையாத கல் வேண்டும். 200 கோடி தொன் அகற்ற 600 கோடி தொன் கல்லைத் தோண்டி, அரைத்து, ஏற்றி, தூவ வேண்டும். உலகம் இன்று ஓராண்டில் வெட்டியெடுக்கும் நிலக்கரியின் மூன்றில் இரண்டு பங்குக்கு இது நிகர். நிலக்கரிச் சுரங்கத்தை மூடுவதற்காக அதனையொத்த இன்னொரு சுரங்கத் தொழிலைத் திறக்கிறோம். கல்லுடைக்கும் தொழிலாளியின் நெஞ்சில் படியும் தூசுக்கு எந்தக் காபன் கணக்கேட்டிலும் பத்தியில்லை.

இத்தனையும் ஒரு நாவலில் இருக்கவேண்டுமா என்று கேட்கலாம். நாவல் விஞ்ஞான அறிக்கையன்று என்பது உண்மையே. ஆனால் றொபின்சனே கணக்கை நாவலுக்குள் கொண்டுவந்தவர். கடல்மட்டம் ஏறுவதைத் தடுக்கக் கடல்நீரை அந்தாட்டிக்காக் கண்டத்தின் மேல் ஏற்றிவிடலாமா என்ற யோசனை நாவலில் எழும்போது, அதற்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்கிடப்படுகின்றது; கணக்கு ஒவ்வாமையால் அது கைவிடப்பட்டு, பனியாறுகளின் அடியில் தேங்கும் நீரை மட்டும் இறைக்கும் வழி தேடப்படுகின்றது. அந்தப் பகுதிகளே நாவலின் ஆகச் சிறந்த பகுதிகளுட் சில. இயற்கையின் தடை எதிர்நிற்பதால் மனித முயற்சிக்கு அங்கே எடை ஏறுகிறது. தோல்வி சாத்தியமாகையால் வெற்றி நம்பத்தக்கதாகிறது. பனிக்குக் காட்டிய அந்தக் கண்டிப்பைக் காற்றுக்கும் மண்ணுக்கும் ஆசிரியர் காட்டியிருந்தால் நாவலின் பின்பாதி வேறாகியிருக்கும்.

அதைப்போலவே, இயற்கைக்கு இடம்விடுவதற்காக அமெரிக்காவின் உட்பகுதிச் சிற்றூரொன்று காலிசெய்யப்படும் காட்சியும் நாவலில் உண்டு. ஊர் ஏற்கெனவே தேய்ந்துபோயிருக்கின்றது; பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டனர்; நட்டஈடு கிடைக்கின்றது; எஞ்சியோர் கூடி விடைபெறுகின்றனர். அக்காட்சியின் துயரத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் முபெண்டேயின் விவசாயி அவ்வாறு விடைபெறவில்லை. நிலம் ஒழிக்கப்படுவதை நாவல் ஒரு பிரியாவிடைக் கூட்டமாகக் காண்கிறது. வரலாறோ அதனைப் பெரும்பாலும் பொலிசாரும் வேலிக்கம்பியுமாகவே கண்டிருக்கின்றது. உத்தரப் பிரதேசத்தின் ஏரியில் மடிந்தவர்களோடு தொடங்கிய கதை, சூரிச் நகரின் திருவிழாத் தெருவிலே முடிகின்றது. மேரி மேர்பியின் அந்திம அமைதி அழகாகவே வரையப்பட்டுள்ளது. எனினும் தொடக்கத்தில் செத்தவர்களின் ஊரில் இப்பொழுது யார் பயிரிடுகிறார்கள், எந்த நிலத்தில், எவருடைய காபனுக்காக என்று வாசகன் கேட்டால், நாவல் அவனை ஆகாயக் கப்பலில் ஏற்றி மேலிருந்து உலகைக் காட்டுகின்றது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும்போது வேலிகள் தெரிவதில்லை.

இது வெறும் தகவற் குறைபாடன்று. கலைக் குறைபாடும் ஆகும். நாவலின் முன்பாதியில் முரண்பாடு மனிதருக்கும் மனிதருக்கும் இடையில் நிகழ்கின்றது. பிராங் மே, மேரியின் வீட்டுக்குள் இரவிலே புகுந்து அவளை எதிர்கொள்ளும் இடத்தில், இறந்தவர் சார்பில் உயிருள்ளோர் மீது வழக்குத் தொடரப்படுகின்றது. பின்பாதியில் அந்த வழக்கு நாணயத்தால் தீர்த்துவைக்கப்படுகின்றது. நாணயம் எல்லோருக்கும் நன்மை செய்கின்றது. எனவே இழப்பவர் எவருமில்லை. எனவே போராட்டத்துக்கும் இடமில்லை. எனவே கதை மெல்லத் தளர்ந்து செய்தித் தொகுப்பாகின்றது. உள்ளடக்கத்தில் மறைக்கப்பட்ட முரண்பாடு உருவத்தில் சோர்வாக வெளிப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நமது வாதத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். காபனை அகற்றவே கூடாது என்று நாம் கூறவில்லை. சீமெந்து ஆலையின் புகையையும், நெல்வயலிலிருந்தும் கால்நடையிலிருந்தும் எழும் வாயுக்களையும் முற்றாக நிறுத்துவது அரிது. எஞ்சும் அவற்றை ஈடுசெய்ய ஓரளவு அகற்றல் தவிர்க்கவொண்ணாதது என்று அரசுகளுக்கிடையிலான குழு 2022இல் கூறியதை நாமும் ஏற்கிறோம். ஆனால் நிலமும் மின்சாரமும் கல்லும் அளவுக்குட்பட்டவை எனின், அகற்றும் ஆற்றலும் அளவுக்குட்பட்டதே. அளவுக்குட்பட்ட பொருளைப் பங்கிடும்போது முதல் உரிமை யாருக்கு என்பதே அரசியல். நாணயம் இக்கேள்விக்குத் தரும் விடை ஒன்றே: வாங்கக்கூடியவனுக்கு.

வாங்கக்கூடியவன் யார் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. காற்றிலிருந்து காபனைப் பிடிக்கும் முன்னோடிக் கம்பனிகளுள் ஒன்றை 2023இல் அமெரிக்காவின் பெரிய எண்ணெய்க் கம்பனியொன்று 110 கோடி டொலருக்கு வாங்கிற்று. ரெக்சாஸ் மாநிலத்தில் ஆண்டுக்கு 5 இலட்சம் தொன் பிடிக்கவென ஓர் ஆலையையும் அது திட்டமிட்டது. இத்தொழில்நுட்பம் தம் தொழிலைக் காப்பாற்றுமென்றும், இன்னும் அறுபது எழுபது எண்பது ஆண்டுகள் அது தொடர்ந்து நடக்க அனுமதி தருமென்றும் அக்கம்பனியின் தலைவர் அவ்வாண்டிலேயே பகிரங்கமாகக் கூறினார். இதைவிட வெளிப்படையான வாக்குமூலத்தை எந்த விமர்சகனும் எதிர்பார்க்க முடியாது. நாளை கழுவுவோம் என்ற வாக்குறுதி, இன்று அழுக்காக்குவதற்கான உரிமைப் பத்திரமாகின்றது.

அந்த வாக்குறுதியின் கனம் எவ்வளவு? வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் கட்டுப்படுத்தும் வழித்தடங்கள், இந்நூற்றாண்டில் 10,000 கோடி முதல் ஓர் இலட்சம் கோடி தொன் வரையிலான காபனீரொட்சைட்டை அகற்ற வேண்டியிருக்கும் என்று 2018ஆம் ஆண்டின் அறிக்கை கூறிற்று. தொன்னுக்கு 200 டொலர் என்று கொண்டால், இம்மேல் எல்லையின் செலவு 200 இலட்சம் கோடி டொலர். உலகத்தின் இன்றைய ஆண்டு உற்பத்தி முழுவதையும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இதற்கே கொடுக்கவேண்டும். கீழ் எல்லையோ அதில் பத்திலொரு பங்கு. இவ்விரு எல்லைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தீர்மானிப்பது தொழில்நுட்பம் அன்று. இந்தப் பத்தாண்டில் எவ்வளவு எரிக்கிறோம் என்பதே. இன்று எரிக்கப்படும் ஒவ்வொரு தொன்னும், இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளையின் பெயரில் எழுதப்படும் கடன்சீட்டு. கடன் வாங்குபவன் ஒருவன், கையெழுத்து மற்றொருவனுடையது.

'எதிர்காலத்துக்கான அமைச்சு' படிக்கப்பட வேண்டிய நூல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஏகாதிபத்திய நாடொன்றிலிருந்து எழுதும் ஆசிரியர் ஒருவர் இந்தியாவின் இறந்தவர்களைத் தம் கதையின் நியாயாசனத்தில் அமர்த்தியது சிறிய செயலன்று. பணமுறையையே கேள்விக்குள்ளாக்கும் துணிவும் அவரிடம் உண்டு. ஆனால் பணத்தின் கேள்வியை எழுப்பியவர், பணத்துக்கு அடியிலுள்ள மண்ணின் கேள்விக்கு முன் நின்றுவிட்டார். அந்த இடத்திலிருந்து தொடங்கும் நாவல் இனித்தான் எழுதப்பட வேண்டும். அது வங்கியாளரின் மேசையில் தொடங்காது. வேலிக்கு வெளியே நின்று, நேற்றுவரை தான் உழுத நிலத்தில் பிறருடைய காபனுக்காக நடப்பட்ட மரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் தொடங்கும். அந்த மரங்கள் எத்தனை தொன் என்பதை அவளுக்குச் சொல்ல அதிகாரி வருவார். அந்நிலம் யாருடையது என்பதை அவள் அவருக்குச் சொல்லுவாள்.